நூறு கிலோ இட்லி வேகும் நேரம்

ஜனவரி 22, திங்கள்

நூற்றாண்டு விழாக் கமிட்டி இன்று கூடியது. பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதாகிறது, என்ன செய்யலாம் என்று தலைமையாசிரியை ரூபாவதி கேட்டார். தமிழாசிரியர் கவியரங்கம் என்றார். யாருக்கும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டோம். பி.டி. மாஸ்டர் கொம்பையா மாரத்தான் என்றார். ஓடப்போவது யார் என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். "நூறு வருசம். நூறு கிலோ. ஒரே இட்லி" என்றேன்.

"வேகுமா சார்?" என்றார் ரூபாவதி.

இருபத்தெட்டு வருடமாக ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிற ஒருவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கரும்பலகையில் போட்டே காட்டினேன். சாதாரண இட்லி ஐம்பது கிராம், ஓர் அங்குல கனம், வேகப் பத்து நிமிடம். நூறு கிலோ என்றால் இரண்டாயிரம் இட்லியின் எடை. உருவம் மாறாமல் பெரிதாக்கினால் நீளம், அகலம், கனம் ஒவ்வொன்றும் 12.6 மடங்கு ஆகும். கனம் 12.6 மடங்கு என்றால் நேரமும் 12.6 மடங்கு. ஆக நூற்று இருபத்தாறு நிமிடம். இரண்டு மணி ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தைக் கேட்டதும் கமிட்டிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிப்ரவரி 9 என்று தேதி குறித்தாயிற்று.

பிற்பகல் ப்ளஸ் ஒன் வகுப்பில், இயற்கை விதிக்குப் பெரியவன் சிறியவன் பேதம் கிடையாது, எறும்புக்கும் யானைக்கும் ஒரே சட்டம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "அப்ப மொட்டை மாடியிலேர்ந்து எறும்பு விழுந்தா எந்திரிச்சுப் போயிருது, யானை விழுந்தா செத்துருமே சார்?" என்றாள். இது பாடத்திட்டத்தில் இல்லை, உட்கார் என்றேன். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

சத்துணவை மாணவர்களுக்குப் பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியர் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. தினம் ஒருவர் முறை. மற்றவர்களுக்கு வேலைப் பளு அதிகம் என்பதால் அவர்கள் முறையையும் இரண்டு வருடமாக நானே பார்த்துக்கொள்கிறேன். கடமை உணர்ச்சி இன்று குறைந்துவருகிறது. யாராவது செய்யத்தானே வேண்டும்?

சத்துணவு அமைப்பாளர் திருமதி சண்முகக்கனியிடம் இட்லித் திட்டத்தை விளக்கினேன். நாற்பத்தொன்பது வயது, கணவர் இறந்து பதினோரு வருடம், ஒரே மகன் கோயமுத்தூரில். இந்த விவரங்கள் அலுவலகப் பதிவேட்டில் உள்ளவை. சமையலர் ஆள் போதாததால் கரண்டியையும் அவரே பிடிக்கிறார்.

கேட்டு முடித்துவிட்டு, "சார், ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கிடக் கூடாது" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"நாலு பேருக்குப் பொங்குற மாதிரியே நானூறு பேருக்குப் பொங்க முடியாது சார். உப்ப நூறு மடங்கு போட்டா பிள்ளைக துப்பிரும். சின்னச் சட்டிய எறக்கி வச்சா உடனே ஆறிரும். இந்த அண்டா அடுப்ப அமத்துனப் பெறவும் அரை மணி நேரம் தன்பாட்டுக்கு வெந்துகிட்டே கிடக்கும். பெருசுக்குப் புத்தி வேற, சிறுசுக்குப் புத்தி வேற."

"வெப்பத்துக்குச் சின்னச் சட்டி, பெரிய சட்டின்னு பாகுபாடு தெரியாதும்மா. விதி ஒண்ணுதான்."

"விதி ஒண்ணாவே இருக்கட்டும் சார். இட்லி ஒண்ணா இருக்காதே?"

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கோபித்துக்கொள்ள முடியவில்லை. தக்காளி சாதம் நன்றாக இருந்தது. 'உப்பு சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜனவரி 25, வியாழன்

லேத் பட்டறையில் அச்சு தயாராகிறது. குறுக்கே மூன்றடி இரண்டு அங்குலம், நடுவில் ஓர் அடிக்கு மேல் ஆழம். பட்டறைக்காரர் குழந்தை குளிப்பாட்டவா என்று கேட்டார். இட்லிக்கு என்றதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கு என் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அமைப்பாளர் இன்று இரண்டு யோசனை சொன்னார். கனத்தை ஓர் அங்குலமாகவே வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டலாம் என்பது முதல் யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு அடி அகலம் வருகிறது.

"அதுக்குப் பேரு இட்லி இல்லம்மா, ஜமக்காளம்."

"அப்ப நடுவுல ஒரு ஓட்டை விடுங்க. மெதுவடைக்கு எதுக்கு ஓட்டை போடுதாங்கன்னு நெனச்சீங்க, அழகுக்கா? நடுப்பக்கம் வேகத்தான்."

வடைக்கு ஏன் ஓட்டை என்று இருபத்தெட்டு வருடத்தில் எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. ஆகவே நானும் யோசித்ததில்லை. இருந்தாலும் ஓட்டை போட்ட இட்லியோடு பத்திரிகையில் படம் வருவதை என் மனம் ஒப்பவில்லை. மறுத்துவிட்டேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போது மூக்குத்தி அசைகிறது.

ஜனவரி 29, திங்கள்

வெள்ளோட்டம். ஒரு கிலோவில் ஒரே இட்லி. என் கணக்குப்படி இருபத்தேழு நிமிடம். காலை பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றினோம். பத்து இருபத்தேழுக்குத் திறந்து ஈர்க்குச்சியால் குத்தினேன். மாவு ஒட்டியது. மாவு சரியில்லை, அல்லது காஸ் அழுத்தம் குறைவு. மூன்றாவது பீரியட் மணி அடித்துவிட்டதால் அப்படியே வைக்கச் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். தொடர்ந்து இரண்டு பீரியட். திரும்பி வந்து பார்த்தால் இட்லி பஞ்சாக வெந்திருந்தது! என் கணக்கு நிரூபணமாகிவிட்டது.

"ரெண்டு பீரியட் ஆச்சு சார்" என்றார் அமைப்பாளர்.

"தெரியும்மா. அடுத்த தடவை மாவைக் கொஞ்சம் கெட்டியா ஆட்டணும்."

"மாவு நேத்து, ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம, உங்க கண்ணு முன்னாலதான் ஆட்டுனேன்."

அவர் சாம்பார் ஊற்றிக் கொடுத்தார். மூன்று துண்டு சாப்பிட்டேன். ரூபாவதி மேடத்திடம், வெள்ளோட்டம் வெற்றி என்று சொன்னேன்.

ஜனவரி 31, புதன்

மீசையில் நரை தெரிகிறது. சலூனில் கறுப்பு அடித்துக்கொண்டேன். விழாவில் புகைப்படம் எடுப்பார்கள்.

பிப்ரவரி 1, வியாழன்

தலைமையாசிரியை அறைக்கு விழா அழைப்பிதழ் பார்க்கப் போனேன். மேஜைமேல் ஒரு கடிதம். படிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, எழுத்து பெரிதாக இருந்தது. சண்முகக்கனி வேலையை ராஜினாமா செய்கிறார். விழா முடிந்ததும் மகனோடு கோயமுத்தூரில் நிரந்தரமாக இருக்கப் போகிறாராம்.

"மேடம், இது என்ன?" என்றேன்.

"மருமக மாசமா இருக்கா. தனியா இங்க எதுக்குக் கிடக்கேன்னு மகன் கூப்பிடுறானாம்." ரூபாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் இன்னும் மேலிடத்துக்கு அனுப்பல சார். இந்த டிராயர்லதான் இருக்கும்" என்றார்.

இதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று விளங்கவில்லை. ஓர் ஊழியர் ராஜினாமா செய்வது நிர்வாகத்தின் விஷயம். எனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

புளி சாதத்தில் உப்பே இல்லை. கொம்பையாவும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். அந்த ஆளுக்கு நாக்கே கிடையாது.

பிப்ரவரி 5, திங்கள்

தூக்கம் சரியில்லை. விழா வேலைதான் காரணம்.

அமைப்பாளரிடம், "கோயமுத்தூர்ல தண்ணி ருசியா இருக்கும்பாங்க" என்று பொதுவாகச் சொன்னேன். "ஆமா சார்" என்றார். "குளிரும்" என்றேன். "ஆமா சார், போர்வை வாங்கணும்" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குப் பெண் பார்த்த காலத்திலும் இதே கதைதான். நாலு வீட்டுக்குப் போனேன். நாலு வீட்டிலும் வருங்கால மாமனார் இன்வெர்ட்டரைப் பற்றியோ கிணற்று மோட்டாரைப் பற்றியோ தப்பாக ஏதாவது சொல்லித் தொலைப்பார், நான் திருத்துவேன், அதோடு காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண்ணிடம் என்ன பேசுவது என்று கற்றுக்கொள்கிற கட்டம் வரவே இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

மாவு தயார். பேக்கரிக்காரரின் பெரிய கிரைண்டரில் ஆட்டி, நாலு டிரம்மில் புளிக்க வைத்திருக்கிறது. காலை பதினோரு மணி இருக்கும். சண்முகக்கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"சார், கடைசியாச் சொல்லுதேன். இப்பவே அடுப்புல ஏத்திருவோம். இன்னைக்குப் பூராவும் கிடந்து வேகட்டும். விடிய நான் பாத்துக்கிடுதேன்."

"இரண்டு மணி ஆறு நிமிசம்தான்மா. போர்டுல எழுதியாச்சு. அழைப்பிதழ்லயும் அச்சடிச்சாச்சு."

"அழைப்பிதழப் பாத்தா சார் இட்லி வேகும்?"

அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் ஒத்துக்கொண்டால், இத்தனை நாள் அவர் முன்னால் நான் பேசியதெல்லாம் என்ன ஆவது? போகிற நேரத்தில் என்னை ஓர் அரைகுறை என்று நினைத்துக்கொண்டா போக வேண்டும்? நாளை எட்டு மணிக்கு ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் போகும்போது பார்த்தால், சமையல்கூடத்து மூலையில் மூன்று தோசைக்கல், ஒரு டின் எண்ணெய். எதற்கு என்றேன். சும்மா கிடக்கட்டும் சார் என்றார்.

பிப்ரவரி 9, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எட்டு மணிக்குத் தீ மூட்டினோம். நாதசுரம். மேடை. தலைமை விருந்தினர் எங்கள் பழைய மாணவர், ஓய்வுபெற்ற நீதிபதி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. பத்து மணி ஆறு நிமிடத்துக்கு நானே ஒலிபெருக்கியில் பத்திலிருந்து ஒன்று வரை எண்ணினேன். எட்டுப் பேர் சேர்ந்து அச்சைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். வேட்டியை உரித்தோம். அடடா! வெள்ளை வெளேரென்று மூன்றடி இட்லி. ஊரே கைதட்டியது. என் வாழ்நாளில் எனக்கு யாரும் அவ்வளவு கைதட்டியதில்லை. நான் திரும்பிச் சண்முகக்கனியைப் பார்த்தேன். அவர் மட்டும் தட்டவில்லை. இட்லியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி ஐயா கத்தியை வைத்தார். இரண்டு அங்குலம் வரை இறங்கியது. அப்புறம் கத்தி தானாக உள்ளே போய்விட்டது. வெட்டிய இடத்திலிருந்து மாவு வந்தது. முதலில் ஒரு கோடாக வந்தது. பிறகு பக்கவாட்டில் ஒரு பிளவு விட்டு, நடுப்பாகம் மேடையை நோக்கிப் புறப்பட்டது. வெள்ளை ஷூ முழுகுகிற வரை நீதிபதி ஐயா நகரவில்லை. நிதானமான மனிதர். மைக்கை வாங்கி, "இது இன்னும் விசாரணை நிலையிலதான் இருக்கு" என்றார்.

ஆயிரம் பேர் சிரித்தார்கள். ப்ளஸ் டூ பையன்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று சிரித்தார்கள். தமிழாசிரியர் கண்ணீர் வரச் சிரித்தார், கவியரங்கத்தை நிராகரித்த கணக்கு தீர்ந்தது. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன்.

அப்போதுதான் சண்முகக்கனி குரல் கேட்டது. "ஓரத்து இட்லிய வெட்டித் தட்டுல வைங்க. கீழ ஓடுனது போகட்டும், உள்ள நிக்கிற மாவ அச்சுல திருப்பி ஊத்துங்க. கொம்பையா சார், அந்தக் கல்ல எடுத்தாங்க!" ஐந்து நிமிடத்தில் மூன்று அடுப்பும் எரிந்தன. மாவில் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டார். "பிள்ளைக பசியோட நிக்குது, சார் அங்க என்ன கம்பம் மாதிரி நிக்கீங்க? இந்தக் கல்லப் பாருங்க" என்று என் கையில் தோசைத் திருப்பியைத் திணித்தார்.

என் முதல் தோசை கருகியது. இரண்டாவது கிழிந்தது. ஏழாவதில்தான் தோசை என்று சொல்லும்படியாக வந்தது. வரிசை மைதானம் வரை நின்றது.

"நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றேன்.

"கேட்டிருந்தா இட்லி வெந்திருக்கும். அம்புட்டுத்தான? விடுங்க."

"கோயமுத்தூர் போகாதீங்க" என்றேன்.

நான் அதைச் சொல்லத் திட்டமிடவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். ஆனால் வரிசையில் முன்னால் தட்டோடு நின்ற கொம்பையா தட்டைக் கீழே போட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற கணக்கு டீச்சர் என்ன, என்ன என்று கேட்டார். சண்முகக்கனி என்னைப் பார்க்கவே இல்லை.

"சார், கருகுது" என்றார்.

தோசையைத் திருப்பினேன். எழுநூறுக்கும் மேல் தோசை. நீதிபதி ஐயா வெறுங்காலோடு மூன்று சாப்பிட்டார்.

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் முதல் வேலையாக ப்ளஸ் ஒன் வகுப்புக்குப் போய், எறும்புக் கேள்வி கேட்ட பெண்ணை எழுப்பினேன். உன் கேள்வி சரி, நான் உட்கார வைத்ததுதான் தப்பு என்றேன். வகுப்பே என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. கரும்பலகையில் போட்டேன். ஒரு பொருளை இரண்டு மடங்கு நீளமாக்கினால் மேற்பரப்பு நாலு மடங்கு ஆகிறது, எடை எட்டு மடங்கு ஆகிறது. எறும்புக்கு எடை கொஞ்சம், அதைத் தாங்கும் காற்றுக்குக் கிடைக்கிற மேற்பரப்பு அதிகம், ஆகவே மெதுவாக விழுகிறது. யானைக்கு நேர்மாறு. இட்லியிலும் வெப்பம் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போக வேண்டும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. 12.6 மடங்கானால் நூற்று ஐம்பத்தெட்டு மடங்குக்கு மேல். கணக்குப்படி இருபத்தாறரை மணி நேரம். விதி ஒன்றுதான், எறும்புக்கும் யானைக்கும். ஆனால் அந்த ஒரே விதி பெரியதை ஒரு மாதிரியும் சிறியதை ஒரு மாதிரியும் நடத்தும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். சமையல்கூடத்துக்குள் நுழைந்ததும் ஏன் மறந்தது என்று மட்டும் வகுப்பில் சொல்லவில்லை.

மதியம் ருசி பார்க்கப் போகக் கால் வரவில்லை. கொம்பையாவைப் போகச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஒங்களத்தான் வரச் சொல்லுதாங்க சார்" என்றார். முகமெல்லாம் பல்.

சண்முகக்கனி கூடத்துக் கதவோரம் நின்றார்.

"ரெண்டு வருசமா எல்லா வாத்தியார் முறையையும் நீங்களே வாங்கிக்கிட்டு வந்தீங்களே, அது சோத்துக்கா?"

"இல்ல" என்றேன். இத்தனை சின்னப் பதிலை நான் எந்தக் கேள்விக்கும் சொன்னதில்லை.

"எனக்கு நாப்பத்தொம்போது வயசு சார். பேரப்பிள்ளை எடுக்கப் போறேன். இந்த வயசுல ஊரு சிரிக்கும்."

"ஊரு வெள்ளிக்கிழமையே சிரிச்சிருச்சும்மா. அதுக்கு மேல யாராலயும் சிரிக்க முடியாது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் சிரிப்பினால் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழம எம் மகன்கிட்ட நீங்களே வந்து கேளுங்க. அவன் வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சனிக்கிழமையே கோயமுத்தூர் போய், நான் லாட்ஜிலும், கனி தன் மகன் வீட்டிலுமாகத் தங்கினோம். காலை ஒன்பது மணிக்கு அங்கே போனேன். பதிவேட்டில் மகன் பெயர் இல்லை, நானும் கேட்டதில்லை. கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினேன். பொன்ராஜ். பத்து வருடத்துக்கு முன் என் ப்ளஸ் டூ மாணவன்.

"வாங்க சார். என்னைய ஆறு மாசம் வகுப்புக்கு வெளிய நிறுத்துனீங்களே, ஞாபகம் இருக்கா? உள்ள வரலாமான்னு இன்னைக்கு நீங்க கேக்கணும்."

ஏன் நிறுத்தினேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. செய்முறை வகுப்பில் அவன் விடையை முதலில் எழுதிவிட்டு அளவைப் பிறகு எழுதினான். அது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளக்க வாயைத் திறந்தேன். கனி என்னைப் பார்த்தார். நானும்தான் விடையை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு இட்லியை அப்புறம் ஏற்றினேன்.

"தப்புதான்ப்பா. மன்னிச்சிரு" என்றேன்.

பொன்ராஜ் மனைவியைக் கூப்பிட்டு, "ஏ, தவசிலிங்கம் சார் மன்னிப்புக் கேக்கார், சீக்கிரம் வந்து பாரு!" என்று கத்தினான். அந்தப் பெண் எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தது.

அப்புறம் அவன் விளையாட்டை விட்டான். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நீ அங்க தனியா கெடக்கியேன்னுதான் கூப்பிட்டேன். உனக்கு இவரப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிக்காமயாடா கோயமுத்தூர் வரைக்கும் கூட்டிட்டு வாரேன், கிறுக்குப்பயலே" என்றார் கனி.

தண்ணீர் கேட்டேன். ருசியான தண்ணீர்தான்.

பிரசவத்துக்கும் அதற்குப் பிறகும் கனி கோயமுத்தூரில் இருப்பார், ராஜினாமா வேண்டாம், பள்ளிக்கு லீவு போட்டால் போதும், ஜூன் மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று. மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் பஸ் ஏறினோம். பக்கத்துப் பக்கத்து இருக்கை. மதுரை தாண்டியதும் கனி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். தோள் மரத்துப்போயிற்று. நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

விருதுநகர் போனது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர், "சாத்தூர், சாத்தூர் எறங்குங்க!" என்று கத்தினார். எங்கள் ஊர். இதை விட்டால் அடுத்து கோவில்பட்டி, இன்னும் அரை மணி நேரம். எழுப்ப வேண்டும். கண்டக்டர் அருகில் வந்து எங்களைப் பார்த்தார்.

"சாத்தூர்தான சார்?"

"கோவில்பட்டிக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றேன், மெதுவாக.